இரண்டு பேர் குறைவாகப் போன படகு

என் தங்கை நீவெஸ் முப்பத்தோரு வருடமாக ரிவாலுங்கா படகுத்துறையில் வடம் பிடிக்கிறாள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் படகு பாறையை ஒட்டும்போது எறியப்படும் வடத்தைப் பிடித்து இரும்பு முளையில் மூன்று சுற்று சுற்ற வேண்டும். பிறகு நடைப்பலகையைப் போட்டு, இறங்குகிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும். அவள் யாருடைய உள்ளங்கையையும் பிடிக்க மாட்டாள். முழங்கைக்குக் கீழே பிடிப்பாள். ஈரக் கை வழுக்கும், முன்கை வழுக்காது என்பது அவள் கணக்கு. இந்த முப்பத்தோரு வருடத்தில் எங்கள் துறையில் ஒருவர்கூடத் தண்ணீரில் விழவில்லை. இதை நான் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த வேலைக்கு அவள் போனபோது அவளுக்கு இருபத்தேழு வயது. அதுவரை அது ஆண்கள் வேலை. முதல் வாரம் காப்பிக்கடை கிளேலியா தினமும் வாசலில் நின்றுகொண்டு, "என்னடி நீவெஸ், வடத்தை நீ பிடிக்கிறியா, வடம் உன்னைப் பிடிக்குதா?" என்று கேட்பாள். எட்டாம் நாள் அலை அதிகமாக இருந்தது. நீவெஸ் பாறை நுனியில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்துப் படகைத் திருப்பி அனுப்பினாள். எங்கள் துறையில் அதுதான் வழக்கம். படகு ஒட்டலாமா கூடாதா என்று சொல்வது படகுத் தலைவன் அல்ல, பாறைமேல் நிற்கிற ஆள். படகில் முப்பது பேர் காப்பி குடிக்க வந்துகொண்டிருந்தார்கள். கிளேலியா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு கேலியும் பண்ணவில்லை.

நான் ஒட்டாவியா. அவளைவிட நான்கு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். மேலே இருக்கிற மூன்று தங்கும் விடுதிகளுக்கு விரிப்பும் தலையணை உறையும் துவைத்து, தேய்த்துக் கொடுப்பது என் தொழில். நாங்கள் இருவரும் அப்பா விட்டுப்போன வீட்டில்தான் இருக்கிறோம். இங்கே எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டுக்கும் இரண்டு கதவு. ஒன்று கீழே துறையைப் பார்த்தது, இன்னொன்று நாலாம் தளத்தில் கோயில் தெருவைப் பார்த்தது. அந்தக் காலத்தில் கடற்கொள்ளைக்காரன் கீழே உடைத்துக்கொண்டு வந்தால் மேலே வழியாக மலைக்கு ஓடுவதற்காக அப்படிக் கட்டினார்கள். இப்போது எங்களுக்கு அது குறுக்கு வழி. வெளியே கோயிலுக்குப் போகிற கல்படிக்குக் கைப்பிடி கிடையாது. எங்கள் வீட்டுக்குள் அறுபத்தோரு படி, கையில் பிடிக்கக் கயிறு, ஒவ்வொரு தளத்திலும் உட்கார ஒரு நாற்காலி. முழங்கால் வலிக்காரர்கள் யார் வந்தாலும் நீவெஸ், "எங்க வீட்டுக்குள்ள போங்க, மேல கோயில் வாசல்ல ஏறிடுவீங்க" என்று அனுப்பிவிடுவாள்.

நான் சொல்ல வந்தது ஆறு வருடத்துக்கு முந்திய ஒரு செப்டம்பர் மாதச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி.

அன்று காலைப் படகில் நாற்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். அதில் லோதி ஊர்க்காரர் ஒருவர், பெயர் ருஜ்ஜேரோ. அவர் மனைவி பல்மீரா, எழுபது வயது இருக்கும், நீல உடை, முழங்காலில் கட்டு. மத்தியானம் மூன்று மணிக்கு அந்த அம்மா கோயிலைப் பார்க்க வேண்டும் என்றார். கணவர் கிளேலியா கடையில் மதுக்கோப்பையோடு உட்கார்ந்துகொண்டு, "நீ போய் எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டார். நீவெஸ் அந்த அம்மாவை எங்கள் வீட்டு வழியாக அனுப்பினாள். எனக்கு அது தெரியாது. நான் அப்போது மேலே, கோயில் தெருவில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று இருபதுக்கு லிபெச்சோ காற்று திரும்பியது. தென்மேற்கிலிருந்து அது வந்தால் எங்கள் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள், கை தானாக வேலை செய்யும். இரண்டு கதவும் திறந்திருந்தால் காற்று வீட்டுக்குள் புகுந்து, பாத்திரம் வரைக்கும் தெருவில் கொண்டுபோய்ப் போடும். நான் இருபத்திரண்டு விரிப்பையும் பதினெட்டு உறையையும் எண்ணி உள்ளே எடுத்தேன். சன்னல்களின் மரக்கதவுகளை இழுத்து இரும்புப் பட்டை போட்டேன். மேல் கதவைச் சாவியால் இரண்டு சுற்றுப் பூட்டினேன், தாழ்ப்பாள் மட்டும் போட்டால் அது நிற்காது. படியிறங்கி வந்து கீழ்க் கதவையும் வெளியே பூட்டி, சாவிகளை மேலாடைப் பையில் போட்டுக்கொண்டேன். துறைக்கு அந்தப் பக்கம் மீன்பிடிப் படகுகளைக் கரைமேல் இழுக்க ஆள் போதவில்லை என்று அங்கே போனேன்; அதனால் துறையில் நடந்ததை நான் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் செய்தேன்.

நாலு மணிக்குப் படகுத் தலைவன் அமதேயோ ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டான். நீவெஸ் ஊதல் ஊதினாள். ஆட்கள் ஓடிவந்தார்கள். அலை ஏறும்போது நடைப்பலகை ஒரு முழம் எழும்பியது. ஒவ்வொருவராக முன்கையைப் பிடித்து ஏற்றினாள். நாற்பத்தாறு பேர். ருஜ்ஜேரோ மட்டும் ஏறவில்லை.

"என் பொண்டாட்டி எங்கே?"

"கோயிலுக்குப் போனாங்க ஐயா. கிளேலியா, மேல போய்ப் பாரு, சீக்கிரம்!"

கிளேலியா கல்படியில் ஏறிப் போய், மூச்சிரைக்க வந்தாள். "கோயில்ல யாரும் இல்ல. மணியடிக்கிறவர் மத்தியானத்துல இருந்து வாசல்லயே இருக்காராம். நீல உடை போட்ட யாருமே வரலைங்கிறார்."

படகின் பக்கம் பாறையில் இடித்தது. அமதேயோ மேலிருந்து கத்தினான். "நீவெஸ்! இருக்கணுமா போகணுமா? ஒரு வார்த்தை சொல்லு!"

"போ!" என்றாள்.

"போறதா? என் பொண்டாட்டி இல்லாமயா?" ருஜ்ஜேரோ வடத்தைப் பிடித்துக்கொண்டார். "நீ யாரு போகச் சொல்ல?"

"ஐயா, கையை எடுங்க, விரல் போயிடும். உள்ள நாற்பத்தாறு பேர் இருக்காங்க. உங்க வீட்டம்மாவை நான் தேடித் தரேன்."

"கடல்ல இருந்தா தேடித் தருவே?"

நீவெஸ் அவர் பக்கம் குனிந்தாள். அவர் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வடத்தை அவிழ்த்தாள். படகு விலகியது. அதன்பிறகு அந்த மனிதர் அவளைச் சொன்ன வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடிவந்தபோது நீவெஸ் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறைகளின் கீழ்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தாள். அலை அவள் மார்புவரைக்கும் வந்து போனது. கயிற்றின் மறுமுனையை மூன்று ஆண்கள் பிடித்திருந்தார்கள். மற்றவர்கள் கரையோரம் வரிசையாக நின்று தண்ணீரையே பார்த்தார்கள். லோதிக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, மேல போ, இங்க நிக்காத!" என்று நீவெஸ் கத்தினாள்.

"நீ முதல்ல மேல வாடி! உன்னையும் தேட வைக்காதே!"

அவள் வரவில்லை.  பக்கத்தில் நின்ற கிளேலியா, பயத்தில் வாய் என்ன பேசுகிறது என்று தெரியாமல், "ஒட்டாவியா, உன் துணி பறக்குது பாரு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டின் இரண்டாம் தளத்துச் சன்னலின் மரக்கதவில், கீழ்ப்பாதியில் வெளிப்பக்கமாகத் தூக்கிவிடுகிற சின்னப் பலகை இருக்கும். அதன் வழியாக ஒரு வெள்ளைத் தலையணை உறை ஆடிக்கொண்டிருந்தது. துறையில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்திருந்தார்கள். எங்கள் வீட்டுச் சன்னலில் வெள்ளைத் துணி ஆடுவது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. லிபெச்சோ அடிக்கும்போது உப்புக் காற்றில் என் துணியை யார் காயப்போட்டது? பதினெட்டு உறையையும் நானே எண்ணி உள்ளே வைத்தேனே?

அப்புறம் என் கை தானாகப் பையில் இருந்த சாவியைத் தொட்டது.

"நீவெஸ்! அந்தம்மாவை எந்த வழியா அனுப்பினே?"

"நம்ம வீட்டு வழியா!"

நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. பூட்டில் சாவி மூன்று தடவை நழுவியது. இரண்டாம் தளத்தில் பல்மீரா அம்மாள், கையில் உறையோடு, குரல் கம்மிப்போய் நின்றிருந்தார். படியேறிய களைப்பில் அந்தத் தளத்துக் கழிப்பறைக்குப் போயிருக்கிறார். வெளியே வருவதற்குள் மேலும் கீழும் பூட்டு விழுந்துவிட்டது. சன்னலின் இரும்புப் பட்டையைத் தூக்க முடியாமல், அந்தச் சின்னப் பலகை வழியாக ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறார். இரண்டடிச் சுவருக்கும் அலைக்கும் நடுவே யாருக்குக் கேட்கும்? கதவு பூட்டியிருந்ததைப் பார்த்து, அந்த அம்மா மேலே ஏறிப் போய்விட்டார் என்றே நீவெஸும் நினைத்திருக்கிறாள்.

"இந்த ஊர்ல விருந்தாளியைப் பூட்டி வைக்கிறது வழக்கமா அம்மா?" என்று கேட்டார்.

நான் அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ருஜ்ஜேரோ படியில் தடுக்கித் தடுக்கி ஏறிவந்தார். மனைவியின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, திட்டவும் அழவும் ஒன்றாக ஆரம்பித்தார். "கழிப்பறைக்குப் போறதுன்னா சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்றார். "உங்ககிட்டயா? கோப்பைகிட்டயா?" என்றார் அந்த அம்மா.

நீவெஸ் கடைசியாக வந்தாள். தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டியது. அந்த அம்மாவை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. ருஜ்ஜேரோ இறங்கி வந்து அவள் முன்னால் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"விடுங்க ஐயா," என்றாள் அவள். "உங்க இடத்துல இருந்தா நான் கடிச்சிருப்பேன். விரல் சரியா இருக்கா?"

மேல் சாலையில் ஏழு மணிக்குப் பேருந்து உண்டு. அதுவரை கிளேலியா கடையில் இருவரையும் போர்வை சுற்றி உட்கார வைத்தோம். கிளேலியா நெத்திலி பொரித்துக் கொடுத்தாள், காசு வாங்கவில்லை. அப்போது கடைத் தொலைபேசி அடித்தது, கிளேலியா எடுத்தாள். அமதேயோ. படகு பக்கத்துத் துறைமுகத்துக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இறங்கிய நாற்பத்தாறு பேரில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லையாம், அவனைச் சுற்றியே நிற்கிறார்களாம்.

நீவெஸ் போனைக் காதில் வைத்தாள். 

"கிடைச்சுட்டாங்க. நல்லா இருக்காங்க," என்றாள். "எங்கேயா? எங்க வீட்டுலதான். களைப்பா இருந்துச்சு, உட்கார்ந்துட்டாங்க."

அவ்வளவோடு முடிக்கப் பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. போனை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"அமதேயோ, நான் ஒட்டாவியா. அந்தம்மாவை உள்ள வச்சுப் பூட்டினது நான். ரெண்டு கதவையும். என் தங்கைமேல தப்பு ஒண்ணும் இல்ல. அவ படகை அனுப்பினது சரி. யாராவது கேட்டா என் பேரைச் சொல்லு."

 பிறகு அவன் அதைத் திரும்பி அங்கே இருந்தவர்களுக்கு உரக்கச் சொல்வது கேட்டது. நாற்பத்தாறு பேர் சிரிப்பது போன் வழியாக எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.