ஊதச் சொன்னவர்கள்

சபையாரே, என் வாயில் ஒரு நாளும் சாராயம் பட்டதில்லை. இதைச் சொல்லித்தான் என் சாட்சியைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

அறுபத்து மூன்றாம் வருஷம், மழைக்காலம். தாராவியில் தோல் கிடங்கில் வேலை. காலையில் நன்றாக இருப்பேன். மத்தியானத்துக்கு மேல் இமை தொங்கும், நாக்கு குழறும், கால் பின்னும். பம்பாயில் மதுவிலக்கு, தாராவியிலோ கள்ளச்சாராயம். அங்கே தள்ளாடுகிறவனை நோயாளி என்று யார் நினைப்பார்? ஆராதனையில் முதல் பாட்டைப் பாடுவேன், கடைசிப் பாட்டில் உளறுவேன். மூப்பர் ஒருவர் என்னை ஊதச் சொன்னார். உங்கள் நடுவில்தான் ஊதினேன். வாடை இல்லை என்றதும், “ஏலக்காய் மென்னிருப்பாரு” என்றார் உங்களில் ஒருவர். சிரித்தீர்கள். திருவிருந்துக்கு என்னை விடவில்லை.

என் மனைவி ஞானம்மாளும் நம்பவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. விக்ரோலியில் ஆலை வேலை பார்க்கும் அவள் அண்ணன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “தள்ளாடாம விக்ரோலி வரைக்கும் நடந்து வாரும் வே. அன்னைக்கு அனுப்புதேன்.”

ஆண்டவரே, குணமாக்கும், இல்லையென்றால் எடுத்துக்கொள்ளும் என்று அழுதேன். இரண்டும் நடக்கவில்லை. போலீஸ்தான் வந்தது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பிடித்த ஹவில்தாரும் ஊதச் சொன்னார். ஊத மூச்சு இல்லை. அறைந்தார். குடித்திருக்கிறேனா என்று பார்க்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்கள்.

அங்கிருந்த டாக்டர் ஊதச் சொல்லவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிரு என்றார். பார்க்கப் பார்க்க இமை தானாக இறங்கியது. ஓர் ஊசி போட்டார். சற்று நேரத்தில் இரண்டு கண்ணும் திறந்தன. அடித்தவர் முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். கர்த்தர் என் ஜெபத்துக்குப் பதிலைப் போலீஸ்காரர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்.

நரம்பு சொல்வது தசைக்கு எட்டாத நோயாம். உடம்பே உடம்புக்குப் பகையாகிவிடுகிறதோ என்று சந்தேகப்படுகிறார்களாம். தீராது, மாத்திரை உண்டு. நடக்கலாமா என்று கேட்டேன். களைப்பதற்கு முன்னால் உட்காரத் தெரிந்தால் நடக்கலாம் என்றார்.

மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் நடந்தேன். முதலில் லேபர் கேம்ப் குழாயடி வரை. தண்ணீருக்கு நின்ற பெண்கள் ஒதுங்கினார்கள். பிள்ளைகள் என் பின்னால் தள்ளாடிக் காட்டின. பிறகு சயான் வரை, அப்புறம் குர்லா. உட்கார்ந்த இடமெல்லாம் ஜெபித்தேன். ஆசைப்பட்டு ஒரு தெரு கூடுதலாக நடந்த நாட்களில் கஞ்சியைக் கூட விழுங்க முடியாமல் கிடந்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு குளிர்காலக் காலையில் கிளம்பினேன். குர்லா, காட்கோபர் எல்லாம் தாண்டி, உட்கார்ந்து உட்கார்ந்து, மச்சான் வாசலில் தள்ளாடாமல் போய் நின்றேன். பேச வாய் திறந்தேன். நாக்கு குழறிவிட்டது.

“பாத்தியாட்டி?” என்றார் மச்சான், தங்கையிடம்.

ஞானம்மாள் என் முகத்தருகே வந்தாள். “ஊதுங்க” என்றாள். அவளுமா என்று நெஞ்சு வெடித்தது. ஊதினேன். “வெறும் மூச்சுதாண்ணே” என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனாள். மன்னிப்பு கேட்கவில்லை. திரும்பும்போது ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அது போதும்.

நோய் போகவில்லை. இப்போதும் காலையில் நடக்கிறேன், அவளும் கூட வருகிறாள். குணமாக்கும் என்று கேட்டவனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம். உங்களையும் நடத்துவார், நம்புங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தெருவில் யாராவது தள்ளாடினால் ஊதச் சொல்லாதீர்கள். முதலில் உட்காரச் சொல்லுங்கள்.