நாய்களுக்கும் ஷிப்டு

அக்கா வந்த அன்றே நாய்கள் கடித்துக்கொண்டன.

அக்காவின் புருஷன் செத்துப்போனார். பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் அவர்கள் இருந்த வீடு, வேலை செய்கிறவருக்கான வீடு. வேலை செய்தவர் இல்லை, வீடும் இல்லை. செவலை நாய் ஒன்றை இழுத்துக்கொண்டு அக்கா நான் இருக்கிற சுவாவுக்கு வந்தாள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய என் பலகை வீட்டில் அதுவரை நானும் ஒரு கறுப்பு நாயும்தான். இரண்டு நாயும் பெட்டை. "வீட்டுல மொத்தம் நாலு பொட்டைங்க" என்று சொல்லி அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு சுங்கை காடுட்டில் பேக்டரி வேலை. இரவு ஷிப்டு முடிந்து காலையில் கம்பெனி பஸ் சாலை முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து செம்பனை நிழலுக்குள் மண் பாதை. பனி தரையோடு படுத்துக் கிடக்கும். கால் தானாக நடக்கும். நான் ஓர் இடத்தில் நிற்க, மரங்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போவதுபோல இருக்கும். பழம் வெட்டுகிறவர்களின் குரல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கும். அந்தப் பாதை எனக்குப் பிடிக்கும். அதையும் இந்த நாய்கள் கெடுத்தன. பாதி வழியிலேயே வீட்டிலிருந்து உறுமல் கேட்கும். கனவு அறுந்துபோகும்.

சண்டை எப்போதும் சோறாக்குகிற குசினி வாசலில்தான். ஓர் ஆள் நுழைகிற அகலம். ஒன்று உள்ளே வரும்போது மற்றது வெளியே போக வரும். முதலில் சத்தமே இருக்காது. இரண்டும் கல்லாக நிற்கும். வால் விறைக்கும். அந்த நேரத்தில் பிரித்துவிட வேண்டும். அக்கா பிரிக்கமாட்டாள்.

"பாத்துக்குதுங்கடி. பழகுதுங்க."

அடுத்த நொடி சட்டி உருளும். நான் ஒரு பலகைத் துண்டை நடுவில் செருகுவேன். தண்ணீர் ஊற்றுவேன். நாய்களையும் திட்டுவேன், அக்காவையும் திட்டுவேன். அக்கா சட்டியை நிமிர்த்திவிட்டுத் தரையைத் துடைப்பாள். அடுத்தவர் வீட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பு. அது எனக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

எங்கள் சொந்தத்தில் இரண்டு பேர் பகையாகிவிட்டால், சேர்த்துவைக்க ஒரு வழி உண்டு. ஒரே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். கை நனைத்துவிட்டால் பகை முடிந்தது. அக்கா இதை நாய்களுக்குச் செய்தாள். நான் பகல் தூக்கத்தில் இருந்தேன். கோழிக்கழுத்து வேகிற வாசனை கனவுக்குள் வந்தது. கனவில் ஏதோ கல்யாண வீடு, எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாருக்கும் ஈரக் கை. அப்புறம் அலறல்.

ஒரே தட்டு. ஒரே சோறு. இரண்டும் தட்டைத் தாண்டி ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்திருந்தன. அக்கா நடுவில் கை விட்டிருந்தாள். கடித்தது அவளுடைய நாயேதான். யார் கை என்று அதற்குத் தெரியவில்லை.

கிளினிக்கில் தையல் போட்டு, ஊசி போட்டு, திரும்பி வந்தோம். பக்கத்து வீட்டு மண்டோர், தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்குகிறவர், வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்.

"கடிச்ச நாய வச்சிருக்காத தங்கச்சி. ஞாயித்துக்கெழம பகாவுக்கு லோரி எடுக்கறேன். பசார்ல எறக்கி விட்டுர்றேன். மீன் தலை கெடைக்கும், பொழச்சிக்கும்லா."

அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள், "அது போனா நானும் போறேன்."

"எங்க போவ?"

"எங்கயாச்சும்."

"எங்கயாச்சும்னா? நீயும் பசார்ல மீன் தலை பொறுக்கப் போறியா?"

அக்கா சிரித்துவிட்டாள். அப்புறம் அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. இவள் போய்விடுவாள், போனால் அவளுக்கு இடமில்லை, எனக்கும் ஆளில்லை. ஆனால் எனக்குப் பயம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். கதவை அறைந்து சாத்திவிட்டு வேலைக்குப் போனேன்.

பேக்டரியில் எங்கள் லைனில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மூச்சு விட்டால் மற்றவளுக்கு ஆகாது. சூப்பர்வைசர் பேசிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் ஒருத்தியைப் பகலுக்கும் ஒருத்தியை இரவுக்கும் போட்டார். அதோடு சரி. இன்றுவரை அவர்கள் சேரவில்லை. சேரவும் வேண்டியதில்லை. காலை பஸ்ஸில் கண்ணாடியில் தலையைச் சாய்த்து அரைத்தூக்கத்தில் வந்தபோது, அந்த இரண்டு பேரும் வாலை விறைத்துக்கொண்டு குசினி வாசலில் நிற்பதாகக் கண்டேன். விழித்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னேன். "க்கா, இதுங்கள யாரு சேரச் சொன்னா? ஷிப்டு போடுவோம்."

பின்பக்கத்தைத் தகரத்தால் அடைத்தோம். காலையில் கறுப்பு வீட்டுக்குள், செவலை பின்னால். மத்தியானம் மாற்றம். ஒன்றை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் மற்றதற்குக் கதவு திறக்கும். தனித்தனித் தட்டு, தனித்தனி இடம். கதவைத் தொடுகிறவள் "கதவு!" என்று கத்த வேண்டும். முதல் இரண்டு நாள் இரண்டும் பலகையைப் பிறாண்டின. அப்புறம் விட்டுவிட்டன. பகலில் படுத்திருப்பேன், ஒரு நாயின் நகம் தரையில் டிக் டிக்கென்று நடந்து போய் நிற்கும், "கதவு!" என்று அக்காவின் குரல் வரும், வேறு நகங்கள் நடக்கும். வீடு மெதுவாக மூச்சு விடுவதுபோல இருக்கும். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் லோரி ஹாரன் அடித்தது. நான் எழுவதற்குள் அக்கா கட்டுப்போட்ட கையோடு வெளியே போய்விட்டாள்.

"எங்க தங்கச்சி நாயி?"

"வர முடியாதுண்ணே. ஒருத்தி டூட்டில இருக்கா. இன்னொருத்தி டூட்டி முடிஞ்சி தூங்குறா."

"என்னாலா இது! நாய்க்கி லீவெல்லாம் உண்டா?"

"மெடிக்கல் லீவு மட்டுந்தான். அதயும் நான் எடுத்துட்டேன்."

மண்டோர் சிரித்துக்கொண்டே லோரியைத் திருப்பினார். செம்மண் தூசி எழும்பி, வெயிலில் மிதந்து, இறங்கவே இல்லை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து என் பாயோரம் உட்கார்ந்தாள்.

"அடுத்த வாரம் ஒனக்கு எந்த ஷிப்டுடி? அதுக்கேத்த மாரி இதுங்கள மாத்தணும்."

வந்ததிலிருந்து அவள் அடுத்த வாரம் என்று சொன்னதே இல்லை. நாளைக்கு என்றுகூடச் சொன்னதில்லை.

"பகல்" என்றேன். "இப்பத் தூங்க விடு."