கொல்லையில் போட்ட மஞ்சள் கோடு

குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கொல்லை இருக்கிறது. மானாவாரி நிலம். ஆடியில் கேழ்வரகு விதைத்தால் மார்கழிக்குள் அறுத்துவிடுவோம். அதன் பிறகு கொல்லை சும்மாதான் கிடக்கும். அப்போது பின்பக்கத்து நிலத்துக்காரர்கள் குறுக்கே டிராக்டர் ஓட்டிக்கொள்வார்கள். எங்கள் பக்கம் இதற்கு யாரும் அனுமதி கேட்பதுமில்லை, யாரும் தடுப்பதுமில்லை. ஆடியில் உழுதால் தடம் போய்விடும். அவர்களும் ஏரியைச் சுற்றிப் போய்விடுவார்கள்.

பின்பக்கத்து நிலம் மனையாகிவிட்டது. விற்க வந்த புரோக்கர் எங்கள் ஊர்க்காரன்தான். மாசியில் ஒருநாள் டிரோன் பறக்கவிட்டான். நான் கொல்லையில் நின்று அதைப் பார்த்துக் கையாட்டினேன்.

பிறகு, மனை விற்கப் புரோக்கர் போட்ட வீடியோவை என் மகன் போனில் காட்டினான். பாட்டெல்லாம் போட்டிருந்தான். டிராக்டர் தடத்தின் மேல் மஞ்சள் கோடு இழுத்து ‘முப்பதடி ரோடு’ என்று எழுதியிருந்தான். கோட்டின் ஓரத்தில் எறும்பு மாதிரி நான் கையாட்டிக்கொண்டிருந்தேன்.

நேரே புரோக்கரிடம் போய்க் கேட்டேன். “யாரைக் கேட்டுடா என் கொல்லையில கோடு போட்ட?”

“தடம் இருக்குது, கேமரா காட்டுது மாமா. இல்லாததயா காட்டுச்சு?”

“ஆடியில ஏர் ஓட்னா போயிடுமேடா.”

“அதுக்குள்ள வித்துடுவோம், உடு. நீ கூடத்தான் வீடியோல இருக்கற. பெங்களூர் பூரா உன்னத்தான் பாக்குது” என்று சிரித்தான்.

போன் மேப்பிலும் அந்தத் தடத்தை ரோடாக ஏற்றிவிட்டான். கார்கள் வர ஆரம்பித்தன. போனுக்குள் ஒரு பொம்பளைக் குரல் இடப்பக்கம் திரும்பச் சொல்லும், என் கொல்லைக்குள் திரும்புவார்கள். ரோடு இல்லை என்று கத்துவேன். ஒரு ஆள் தன் மனைவியிடம், ‘இவன் காசு பிடுங்கப் பார்க்கிறான்’ என்று கன்னடத்தில் சொன்னார். எனக்குக் கன்னடம் தெரியாது என்று அவருக்கு நினைப்பு.

தாலுகா ஆபீஸுக்குப் போனேன். “பட்டா உங்க பேர்லதான் சுத்தமா இருக்குது. வீடியோவுக்கு நாங்க என்ன பண்றது?” என்றார்கள். மேப்புக்கு மகன் புகார் அனுப்பினான். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அதோடு சரி.

ஆடியில் மழை பெய்தது. டிராக்டரோடு போனேன். தடத்தில் செங்கல் ஏற்றிய ஒரு வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவன் ஓசூரில் கம்பெனி வேலை செய்கிறவன், சட்டை கூடக் கம்பெனிச் சட்டைதான்.

“அண்ணா, ரோட்ல ஏன்ணா ஏர் ஓட்றீங்க?”

“இது ரோடு இல்லப்பா. என் கொல்லை.”

அவன் போனை எடுத்து வீடியோவைக் காட்டினான். “பாருங்கண்ணா, ஊர்க்காரரே ரோட்ல நின்னு கையாட்றாரு. இத நம்பித்தான் லோன் போட்டு வாங்கினோம்.”

“அது நான்தான்பா.”

அவன் போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பெண் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். புரோக்கருக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. என் வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம் புரோக்கருக்கானது. அங்கே கேட்க நின்றவன் இவன்.

ஈரம் காய்ந்தால் விதைக்க முடியாது. தடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் உழுதேன்.

பயிர் வளர்ந்ததும் புரோக்கர் மறுபடி டிரோன் விட்டான். இரண்டு பக்கமும் பச்சை, நடுவில் ரோடு. இந்தத் தடவை கோடு போடும் வேலைகூட அவனுக்கு இல்லை. அடுத்த ஆடிக்கு என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை.