வெயிலில் காய்ந்த கார்ட்ரிட்ஜ்

போன ஞாயிற்றுக்கிழமை ஓர்ஸ் ஹில்லில் ஒரு பல் வைத்தியர் வீட்டில், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தேன். பயம் பல்லுக்காக இல்லை. மேசையில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்காக.

பல் வைத்தியர் என் மச்சாள் ஜெயந்தி — மனைவியின் தங்கை. போன மாதம் இதே பத்தியில் அவளை நன்றாகக் கிண்டலடித்திருந்தேன், ஞாபகமிருக்கிறதா? எண்பதுகளில் டிவியில் கொழுவி ஓட்டிய வீட்டுக் கொம்பியூட்டர்கள் இருந்தனவே... அவற்றில் செருகும் கார்ட்ரிட்ஜ்களைத் தேடிச் சேர்க்கிறாள். ஓடியோ கசட் அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு சிப். அதில் ஒரு விளையாட்டோ கணக்குப் பாடமோ எழுதியிருக்கும்.

பெயர் தெரிந்தவை அவளுக்கு வேண்டாமாம். லேபிள் கிழிந்தது, யார் செய்தது என்றே தெரியாதது — அதுதான் வேண்டும். சிப்புக்கும் ஆயுசு உண்டு, அது சாவதற்கு முன் உள்ளே இருப்பதைக் கொப்பி எடுத்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி. மனைவியின் நகைகள் இருக்கும் அலுமாரியைவிட அவளுடைய கார்ட்ரிட்ஜ் அலுமாரிக்குப் பெரிய பூட்டு. இதைத்தான் எழுதியிருந்தேன். அதற்கு அவள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

ஆனால் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் குறிஞ்சாக்கேணி என்ற சின்ன ஊரிலிருந்து ஹனீபா நானா போன் எடுத்தார். எழுபதை நெருங்கும் மனிதர்; நானா என்றால் அண்ணன்.

“தம்பி, நீங்க எழுதின சாமான் ஒண்டு எங்கட ஊட்டயும் இரிக்கி.”

அப்படித்தான் அந்த ஞாயிறு மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்தோம்.

கார்ட்ரிட்ஜ் நானாவின் தம்பி றபீக்குடையது. குவைத்தில் எயார் கண்டிஷன் திருத்தும் வேலை செய்தவர். லீவில் வந்தபோது ஒரு வீட்டுக் கொம்பியூட்டரையும் இந்தப் பெட்டியையும் கொண்டு வந்திருக்கிறார். அவர்களுடைய வாப்பா பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். அவருக்காகத் தொழுகை நேரங்களைக் கணக்குப் பார்த்துக் காட்டும் கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தானே செய்ததாக றபீக் சொன்னார்.

ஊர் நம்பியதா? எயார் கண்டிஷன் திருத்தப் போனவன் கொம்பியூட்டருக்குச் சாமான் செய்தானாம் என்று விழுந்து விழுந்து சிரித்தது. கடையில் வாங்கியதைத் தன் கைவேலை என்று புளுகுகிறான் என்று முடிவும் கட்டிவிட்டது. ஊரைக் குறை சொல்லவும் முடியாது. தொழுகை நேரம் காட்டும் கார்ட்ரிட்ஜ்கள் அந்த நாட்களில் அரபு நாட்டுக் கடைகளில் விற்றது உண்மைதான் என்கிறாள் ஜெயந்தி.

சில வருடங்களில் றபீக் காய்ச்சலில் மௌத்தானார். கொம்பியூட்டர் யுத்தகால இடம்பெயர்வில் போயிற்று. மிச்சம் இந்தப் பெட்டி மட்டும்.

“உண்மையச் சொல்லணும் டொக்டர்,” என்றார் நானா. “எனக்கும் சரியாத் தெரியா. அவன் மௌத்தாகும் மட்டும் நான் ஓம் எண்டும் சொல்லல்ல, இல்லயெண்டும் சொல்லல்ல. அவன் செஞ்சதா, வாங்கினதா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

ஜெயந்தி பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் முகம் மாறியது. பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்லப்போகும்போது வருகிற முகம். எனக்கு அது நன்றாகத் தெரியும், இரண்டு பல்லைக் கொடுத்தவன்.

“நானா, இத முந்தி ஆராவது திறந்தவையோ?”

“நான்தான்!” நானாவுக்குக் கொஞ்சம் பெருமை.

போன மாரியில் அவர் வீட்டுக்குள் வெள்ளம் ஏறியிருக்கிறது. வெள்ளம் வடிந்து வெயில் வந்ததும் எங்கள் பக்கத்து ஊர்கள் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். மெத்தை, காணி உறுதி, கல்யாண அல்பம், பிறப்புச் சான்றிதழ்... எல்லாம் பாயில் பரப்பி முற்றத்தில் காயும். நானா அந்த வரிசையில் தம்பியின் கார்ட்ரிட்ஜையும் வைத்தார். மூடியிருந்தால் ஈரம் தங்குமே என்று ஆணி கழற்றித் திறந்தார். சிப்பின் மேல் ஒரு ஸ்டிக்கர் நனைந்து ஊறிக் கிடந்தது. அதையும் பக்குவமாக உரித்தார். ஒரு கிழமைக்கு மேல் நல்ல வெயில்.

அங்கேதான் பிழை. அந்த வகைச் சிப்பின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். பழையதை அழித்துப் புதிதாக எழுதுவதற்காக வைத்த ஜன்னல். அதன் வழியே ஒளி பாய்ச்சினால் உள்ளே இருப்பது அழியும். வெயில் நாட்கணக்கில் பட்டாலும் மெல்ல மெல்ல அழியும். அது நடக்காமல் இருக்கத்தான் அந்த ஸ்டிக்கர்.

ஜெயந்தி இதை மிக மெதுவாகச் சொன்னாள். நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பரணில் சும்மா போட்டு வைத்திருந்தால் தப்பியிருக்கும்... பார்த்துப் பார்த்துக் காய வைத்ததால் வந்த வினை. வீட்டில் எத்தனை சாமான் இப்படி எங்கள் கவனிப்பாலேயே கெட்டுப்போயிருக்கிறது!

“ஜன்னல் இருந்தா வீட்டில செய்ததெண்டு அர்த்தமோ?” என்று நான் கேட்டேன். ஏதாவது நல்லது சொல்ல வேண்டுமே.

“இல்லை அத்தான். களவுக் கொப்பி அடிச்சு வித்த ஆக்களும் இதத்தான் பாவிச்சவை.”

கேட்காமலே இருந்திருக்கலாம்.

சிப்பின் உலோகக் கால்களில் உப்புக் காற்றின் பச்சைக் களிம்பு. பஞ்சும் மருந்துமாகத் துடைத்தாள். பிறகு சிப்பை ஒரு சின்ன இயந்திரத்தில் பூட்டி, மடிக்கணினியில் கொழுவினாள். முதல் தடவை வந்தது வெறும் குப்பை. ஒரு சொல்கூட இல்லை.

“எல்லாம் போயிட்டு, என்ன?” என்றார் நானா.

“பொறுங்கோ. வோல்டேஜைக் குறைச்சுப் பாப்பம்.”

கூட்டித்தானே பார்க்க வேண்டும்? இல்லையாம். மங்கிப்போன சிப்பை வழமையான வோல்டேஜில் படித்தால், அரைகுறையாக நிற்பதும் அழிந்ததுபோலத்தான் தெரியுமாம். குறைத்துப் படித்தால்தான் மிச்சத்தைச் சொல்லுமாம். சத்தம் போடாமல் ஒருவரிடமும் பதில் வாங்கத் தெரியாத என் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குறைத்தாள். வாசித்தாள். இன்னும் குறைத்தாள். குப்பைக்கு நடுவில் ஆங்கில எழுத்துகள் தலைகாட்டின. தொழுகைகளின் பெயர்கள் வந்தன. பிறகு ஓர் ஊர்ப் பெயர்... குவைத்.

நானா பெருமூச்சு விட்டார். “அப்ப வாங்கினதுதான்.”

கடைச் சாமானில் ஊர்ப் பட்டியல் நீளமாக இருக்கும் என்று ஜெயந்தி முணுமுணுத்தாள். மக்கா, கெய்ரோ, பக்தாத் என்று வரிசையாக வரவேண்டுமாம். மறுபடி குறைத்து வாசித்தாள். குவைத்துக்குக் கீழே இன்னொரு பெயர் வந்தது. அதோடு பட்டியல் முடிந்தது.

அவள் திரையை நானாவின் பக்கம் திருப்பினாள்.

குறிஞ்சாக்கேணி.

நானா விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஒரு கொம்பனிக்காரனுக்குக் குறிஞ்சாக்கேணி எங்க இரிக்கெண்டு தெரியுமா?”

“கொழும்பில இருக்கிறவைக்கே தெரியாது, நானா.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். “செஞ்சிரிக்கான் டொக்டர்... அவன்தான் செஞ்சிரிக்கான்.”

ஜெயந்தி கொப்பியை மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினாள். ஓடியது. ஆனால் வெயில் கணக்குகளைத் தின்றுவிட்டிருந்தது. இரவுத் தொழுகையான இஷா, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்து நின்றது. அவளுக்குப் பெரிய மனவருத்தம். மிஞ்சியதை மிஞ்சியபடியேதான் சேமித்து வைப்பாளாம், ஊகித்து நிரப்ப மாட்டாளாம். “நேரம் எல்லாம் பிழை, நானா. மன்னிச்சுக் கொள்ளுங்கோ.”

“நேரத்துக்குப் போன் இரிக்கி டொக்டர். ஊர் சரிதானே?”

திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த நாளில் சிரித்தவர்களில் மிச்சமிருப்பது ஒரு மாமாதானாம். அவரிடம் வட்ஸ்அப் இல்லை. பரவாயில்லை, நேரிலேயே போய்க் காட்டுவாராம். அந்த மாமாவின் முகத்தை நானும் நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். நானா கூப்பிடவில்லை.

ஜெயந்தி ஜன்னலின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, பெட்டியை மூடி, ஆணி இறுக்கி, பையில் போட்டுக் கொடுத்தாள். இனி எந்த வெயிலும் ஒன்றும் செய்யாது என்றும் சொன்னாள். நானா தலையாட்டினார்.

வாசலில் நின்று பார்த்தேன். நெருப்பு வெயில். பஸ் ஸ்டாண்ட் பக்கமாக இறங்கி நடந்தார். பையை நெஞ்சோடு அணைத்து, அதற்கு மேலே குடையைச் சரித்துப் பிடித்திருந்தார்.

அவர் தலை குடைக்கு வெளியே இருந்தது.