சரளாவின் கிராஃப் தாள்

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்து, "ஆன்ட்டி, லஸ் பக்கம் போறீங்களா? பத்து கிராஃப் ஷீட் வாங்கிட்டு வாங்களேன், நாளைக்கு டெஸ்ட்" என்றாள். கோட்டூர்புரத்திலிருந்து மயிலாப்பூர் போக எனக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும். பல் டாக்டர், தைக்கக் கொடுத்த ஜாக்கெட், நல்ல கத்திரிக்காய் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி வாரத்துக்கு இரண்டு முறை போய்விடுவேன். முழங்கால்தான் முணுமுணுக்கும்.

கடைக்காரர் கட்டிலிருந்து பத்துத் தாள்களை உருவி நீட்டினார். வாங்கியதும் முகத்தருகே கொண்டுபோனேன். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு, எந்தத் தாளையும் மோந்து பார்ப்பது. பச்சைக் கோடு அச்சடித்த மையின் வாடை, கொஞ்சம் மண்ணெண்ணெய் மாதிரி, கொஞ்சம் புதுச் செருப்பு மாதிரி. அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"இன்னாம்மா, கம்மியா கீதா? எண்ணித்தான் குடுத்தேன்" என்றார் கடைக்காரர்.

கம்மியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கொடுத்ததில் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பி.எட். முடித்த கையோடு மயிலாப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். அரசு உதவி பெறும் பள்ளி. பெயர் வேண்டாம். எங்கள் வீடு சாந்தோமில். எங்கள் சர்ச் பங்கில் வீட்டுக்கு ஒரு டீச்சர், தப்பினால் ஒரு நர்ஸ். என் அப்பா டீச்சர், அத்தைகள் இரண்டு பேரும் டீச்சர். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கஞ்சி போட்ட காட்டன் புடவையில், ஒரு சாக்பீஸ் டப்பாவும் கையுமாக, பெரிய மனுஷி தோரணையில்தான் முதல் நாள் வகுப்புக்குள் போனேன். உயரம் போதாமல் கரும்பலகையின் மேல்வரிக்கு எம்பி எழுதியபோது பின்பெஞ்சு சிரித்தது. அத்தோடு தோரணை போயிற்று.

பத்தாம் வகுப்புக் கணக்கில் பாஸாக முப்பத்தைந்து வேண்டும். திணறுகிற பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். வடிவியலில் ஒரு படம், பத்து மார்க். கிராஃப் ஒன்று, பத்து மார்க். இந்த இரண்டுக்கும் மூளையைவிடக் கை சுத்தம் முக்கியம். "மொதல்ல இருபத வாங்கிக் கையில வெச்சுக்கோங்க, மீதிப் பதினஞ்சுக்கு அப்புறம் அல்லாடலாம்" என்று தினமும் ஓதுவேன். ஜூன் மாதத்திலேயே கிராஃபை ஆரம்பித்துவிடுவேன். பென்சில் சீவுவதிலிருந்து சொல்லிக்கொடுப்பேன்.

அந்த வகுப்பில் கை சுத்தம் என்றால் சரளாதான். கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் வீடு. அப்பா இல்லை. அம்மா அடையாறு தாண்டி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பவர். சரளாவுக்கு அல்ஜீப்ரா என்றால் ஜுரம் வரும். ஆனால் அவள் கிராஃப் போட்டால் புள்ளிகள் கடுகு மாதிரி ஒரே அளவில் இருக்கும், அவற்றினூடே வளைவு ஒரே மூச்சில் போகும். மற்ற பிள்ளைகளுக்குக் காட்ட அவள் தாளைத்தான் நான் தூக்கிப் பிடிப்பேன். அவள் வெட்கத்தில் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவாள்.

இனி என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல வேண்டும். கிராஃப் திருத்துவது பெரிய தொல்லை. ஒவ்வொரு புள்ளியாகப் பார்க்கவேண்டும். நான் என்ன செய்தேனென்றால், சரியான விடையை ஒரு டிரேசிங் தாளில் வரைந்து வைத்துக்கொண்டேன். விடைத்தாள் கட்டுகளின் நூலைப் பிரித்து, எல்லா கிராஃபையும் தனியே உருவி அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் டிரேசிங்கை வைத்துப் பார்ப்பது. நாற்பத்திரண்டு கிராஃபும் அரை மணியில் முடிந்துவிடும். பிறகு அவரவர் கட்டில் சேர்த்து மறுபடி நூல் கட்டிவிடுவேன். ஸ்டாஃப் ரூமில் மூத்த டீச்சர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் உச்சி குளிர்ந்து திரிந்தேன்.

காலாண்டுத் தேர்வுத் தாள்களை அப்படித்தான் திருத்தினேன். அந்த வருஷம் மழை சீக்கிரம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில் கடல் ஈரத்தோடு மழை ஈரமும் சேர்ந்து, உப்பு டப்பா கசிந்தது, தாளெல்லாம் நமுத்துப்போன அப்பளமாகத் துவண்டது. சரளாவுக்கு இருபத்தாறு. அவள் கட்டில் கிராஃப் இல்லை. அட, இவளா கிராஃப் விட்டுவிட்டாள் என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான். அடுத்த கட்டை எடுத்துவிட்டேன்.

தாள் கொடுத்த அன்று அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், நான் கிராஃபு போட்டேன் டீச்சர்."

"போட்டிருந்தா எங்க போகும்? காலு மொளைச்சு நடந்துடுச்சா?"

வகுப்பு சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கட்ட மறந்துட்டேனோ இன்னாவோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். கட்டுகளைப் பிரித்தது நான் என்பதும் அவளுக்குத் தெரியாது.

சரி, இருபத்தாறு வாங்கினால் வாங்கட்டும், காலாண்டுதானே என்பீர்கள். அங்கேதான் விஷயம். எங்கள் பள்ளிக்கு அந்த வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி வேண்டியிருந்தது. பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள் பெயர்ப்பட்டியல் தேர்வுத்துறைக்குப் போவதற்கு முன்னால், தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைக் கூப்பிட்டு டி.சி. கொடுத்துவிடுவார்கள். அவர்கள் தனித்தேர்வராக வெளியிலிருந்து எழுதிக்கொள்ளலாம். தோற்றால் பள்ளிக் கணக்கில் வராது. எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள். அது உண்மையா என்று நான் யாரையும் கேட்டதில்லை.

எங்கள் தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. குளத்தங்கரைத் தெருவிலிருந்து நடந்தே வருவார். மதியம் எந்தப் பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர்தான் என்னைக் கூப்பிட்டு, "கணக்குல முப்பதுக்குக் கீழ யார் யார்னு எழுதிண்டு வாடிம்மா. கல்வி ஆபீஸ் மீட்டிங்ல நிக்க வெச்சுக் கேக்கறா, பதில் சொல்லிண்டு நிக்கறது நானாக்கும்" என்றார். ஐந்து பெயர் எழுதிக் கொடுத்தேன். நான்காவது பெயர் சரளா. மற்ற நான்கு பேருக்குச் செய்தது மட்டும் நியாயமா என்று கேட்காதீர்கள்.

சரளாவின் அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு, கம்பெனி நீலக் கோட்டோடு வந்தார். பேசவேண்டிய பொறுப்பு என் தலையில். "பிரைவேட்டா எழுதினா வீட்ல இருந்து நிதானமாப் படிக்கலாம்மா. இங்க இருந்தா அஞ்சு பாடமும் போட்டு அடிக்கும்" என்றேன். பச்சைப் பொய். கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவள் தாராளமாகப் பாஸ்.

"நீங்க சொன்னா செரி டீச்சர். எங்களுக்கு இன்னா தெரியும்? அவ நல்லதுக்குத்தானே சொல்லுவீங்க" என்றார் அந்த அம்மா.

குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளின் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் வேண்டும். அவருக்கு எழுத வராது, கையெழுத்து மட்டும் போடுவார். நானே எழுதினேன். என் எழுத்து அழகாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள். டி.சி.யையும் நானே நிரப்பினேன். சரளா வராண்டாவில் தூணுக்குப் பக்கத்தில், பை மாட்டியபடியே நின்றிருந்தாள். அழவில்லை. "தேங்ஸ் டீச்சர்" என்றாள். எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

டிசம்பரில் அரையாண்டுத் தாள்கள் வந்தன. புது விடை வரைவதற்காகப் பழைய டிரேசிங் தாளை எடுத்தேன். கனமாக இருந்தது. பின்னால் இன்னொரு தாள், அடுக்கில் கடைசியாக இருந்தது போலிருக்கிறது, ஒட்டிக்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் இரண்டும் ஒன்றாகியிருந்தன. பிளேடு வைத்து மெல்லப் பிரித்தேன். கடுகுப் புள்ளிகள். ஒரே மூச்சு வளைவு. மூலையில் சரளாவின் பெயர். ஒரு தப்பு இல்லை. சிவப்பு மையில் பத்துக்குப் பத்து போட்டேன், போடாமல் இருக்க முடியவில்லை. இருபத்தாறும் பத்தும் முப்பத்தாறு. இதை நான் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், சொன்னால் நம்பமாட்டீர்கள்.

மறுநாள் தலைமையாசிரியை அறை வாசல் வரைக்கும் போனேன். "என்னடி?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம்" என்றேன். பட்டியல் போயாகிவிட்டது என்பது ஒரு காரணம். என் வேலைக்கு அரசு ஒப்புதல் இன்னும் வரவில்லை என்பது நிஜமான காரணம்.

அன்று சாயங்காலம் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கச்சேரி ரோட்டுச் சந்துக்குப் போனேன். அவளிடமாவது சொல்லிவிடுவது என்று முடிவு. குழாயடியில் விசாரித்தால் உடனே காட்டினார்கள். சரளா அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்தாள். ஆமாம், அம்மாவின் கம்பெனியிலேயே. தாவணி முழுக்க வெள்ளை நூல் பிசிர்.

"டீச்சர்! நீங்க இன்னா டீச்சர் இங்க? குந்துங்க, குந்துங்க" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். ஓடிப்போய் ஒரு கலர் சோடா பாட்டில் வாங்கி வந்தாள்.

"சட்டைல நூலு வெட்டிக்கினு கீறேன் டீச்சர். சும்மா கொஞ்ச நாளைக்குத்தான். ஜனவரில டி.நகர் டுடோரியல்ல சேத்து வுடறேன்னு அம்மா சொல்லிக்கீது. ஏப்ரல்ல எழுதிடுவேன். கிராஃபு பத்து மார்க்கு உறுதி டீச்சர், இந்த வாட்டி நூலக் கெட்டியாக் கட்டிடுவேன். போன வாட்டி நான்தான் சரியாக் கட்டல."

என் மடியில் பை இருந்தது. கை அதன் ஜிப்பின் மேல் இருந்தது. "நல்லாப் படி" என்றேன். கலரைக் குடித்து முடித்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வருஷம் பள்ளிக்கு நூற்றுக்கு நூறு வந்தது. விழா நடந்தது. கணக்கில் ஒருவர்கூடத் தோற்காததற்காக எனக்கு ஒரு எவர்சில்வர் தட்டு, பெயர் வெட்டி. அம்மா அதைப் பெருமையாக ஷோகேஸில் வைத்தார். நான் மாதா கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "வேணும்னே தொலைச்சியாம்மா?" என்று சாமியார் கேட்டார். "இல்ல ஃபாதர்" என்றேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். தாள் தொலைந்ததை மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லவில்லை. மூன்று மந்திரத்தில் எது கழிந்தது, எது நின்றது என்று கணக்கு டீச்சருக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் நான் ஒரு கட்டையும் பிரித்ததில்லை. முடிச்சுகளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். ஸ்டாஃப் ரூமில் என்னை 'முடிச்சு டீச்சர்' என்று கேலி செய்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். சிக்னலில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேன் நின்றால் ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பேன். வகுப்பில் எந்தப் பெண்ணாவது "போட்டேன் டீச்சர்" என்றால் அவள் தாளை வாங்கி மறுபடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவேன்.

அந்தத் தாளையும் இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தேன். அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்தில் எங்கள் கீழ்வீட்டுக்குள் வந்த வருஷம், பீரோவின் அடித்தட்டோடு கூழாகிவிட்டது. பாரம் தீர்ந்தது என்று நினைக்கலாம். தீரவில்லை. அவளைப் பற்றி ஏதாவது செய்தி வேண்டும் என்று சந்துக்கு இரண்டாம் தடவை நான் போனபோது ஏழெட்டு வருஷம் தாமதம். அங்கே வண்டி நிறுத்தும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. குடிசைகளை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றார் காவலாளி. எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை.

இன்னொன்று சொல்ல மறந்தேன். மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். பள்ளிக்கு நூற்றுக்கு நூறு வந்த அந்த ஜூன் மாதம், தனித்தேர்வர் முடிவு மாலைப் பேப்பரில் வந்த அன்று, லஸ் மூலையில் பேப்பர் கடைக்குப் போனேன். அப்போதெல்லாம் பெயர் வராது, வெறும் தேர்வு எண்கள், பொடி எழுத்தில், பத்தி பத்தியாக. ஒரே தள்ளுமுள்ளு. நான் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக, முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்தி வரை நகர்த்திக்கொண்டு வந்தேன். கடைக்காரருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"நம்பர் இன்னாம்மா? சொல்லு, நான் பாத்துச் சொல்றேன்."

எனக்கு நம்பர் தெரியாது.

அந்தக் கடை இன்று இல்லை. எண் போட்டு வரும் பேப்பர் இல்லை, விரல் வைத்து அதைப் பார்க்கும் கூட்டமும் இல்லை. இப்போது போனில் தேர்வு எண்ணும் பிறந்த தேதியும் கேட்கிறது, தட்டினால் ஒரு நொடியில் முடிவு. சரளாவின் பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். டி.சி.யில் அதை எண்ணிலும் எழுத்திலும் எழுதியவள் நான்தான்.