வெள்ளிக்கிழமை வரை குருடி

எனக்குக் கண் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியக் கஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால். புது நயா பைசா வந்த மறு வருடம், பங்குனி மாதம். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தேன். குடிக்கிற மருந்து இல்லை, வெடிக்கிற மருந்து.

மாரியாத்தாவை நம்பியிருக்கிற சனங்களே, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் பேத்தி. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், அதுவும் கோணலாக. என் வாயில் வருகிற கெட்ட வார்த்தைகளை அவள் எழுத மாட்டேன் என்கிறாள். செல்லத்தாய் என்ற பேர் வருகிற இடத்திலெல்லாம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

செல்லத்தாய் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. ஆமத்தூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். கம்பெனியிலும் இரண்டு பேருக்கும் ஒரே ஷெட். அந்த ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தருவது ஒன்று உண்டு. மருந்துத் தட்டைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், தரையில் இழுக்கக் கூடாது. உரசினால் பற்றிக்கொள்ளும். அன்றைக்குச் செல்லத்தாய்க்குக் குனிய வலித்தது. காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

குபீர் என்றது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தட்டுக்கு நேரே என் முகம் இருந்தது. வாசல் பக்கம் இருந்த அவள் ஓடிவிட்டாள். அவள் தலைமுடிகூடக் கருகவில்லை.

என்னை வேப்பமரத்தடியில் போட்டு வாழையிலையால் மூடியிருந்தார்கள். கண் தெரியவில்லை. காது தெரிந்தது. கணக்குப்பிள்ளை கேட்டார்.

"யாரு தட்ட இழுத்தது?"

"வேற யாரு? இந்தக் கருப்பாயிதான். நான் அப்பமே சொன்னேங்கய்யா, தூக்கி வையிடின்னு. கேட்டாளா?"

அது செல்லத்தாய் குரல். எனக்கு வாய் வெந்து கிடந்தது. திறந்து பதில் சொல்ல முடியவில்லை.

ஷெட் எரிந்ததால் ஒரு மாதம் வேலை நின்றது. வேலை இல்லாமல் நின்ற பெண்கள் எல்லாம் என்னைத்தான் திட்டினார்கள். 'ஷெட்டைக் கொளுத்தினவ' என்று எனக்குப் பேராகிவிட்டது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸம்மா வேதக்கார அம்மா, கழுத்தில் சிலுவை போட்டவர், தங்கமானவர். "கண்ணு வரலாம், வராமலும் போகலாம். காயம் ஆறணும். பொறுத்திருங்கம்மா" என்றார். நான் பொறுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பொறுத்திருக்கவில்லை. "ஊரு முகத்துல முழிக்க முடியாமப் பண்ணிட்டியே" என்று சொல்லி, ஏழாயிரம்பண்ணையில் என் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நான் இழுக்கவில்லை என்று சொன்னேன். கண் தெரியாதவள் பேச்சை யார் கேட்கிறார்கள்?

செத்துப்போகலாம் என்றுகூட நினைத்தேன். கிணற்றுக்கு வழி தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டால் காட்டவா போகிறாள்?

ஆனி மாதம் அம்மா என்னை ஆற்றங்கரை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே வயனம் காப்பது என்று ஒரு வழக்கம். கண் போனவர்கள் மண்டபத்திலேயே தங்க வேண்டும். உப்புக் குறைத்து ஒரு வேளைச் சாப்பாடு. தினமும் உச்சிப் பூசை முடிந்ததும் ஆத்தாவுக்கு ஊற்றிய தண்ணீரைப் பூசாரி கண்ணில் விடுவார். வந்த வரிசைப்படிதான் விடுவார். முந்த முடியாது. கண் திறந்தால் இடத்தை அடுத்தவருக்கு விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். திறக்காவிட்டால் காத்திருக்க வேண்டும்.

நான் ஆத்தாவிடம் இரண்டே இரண்டு கேட்டேன். என் கண்ணைக் கொடு. செல்லத்தாய் கண்ணைப் பிடுங்கு. மறைப்பானேன், இரண்டாவதைத்தான் சத்தமாகக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் "ஆத்தா, தாயே" என்று அழும்போது நான் மட்டும், "ரெண்டையும் பிடுங்கு தாயே, ஒண்ணு பத்தாது" என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பதினைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைக்காதீர்கள். கல்லுத் தரை. ஈ. பக்கத்துக் கிழவரின் இருமல். ஒவ்வொரு நாளும் மணி அடிக்கும், தண்ணீர் கண்ணில் விழும், ஒன்றும் தெரியாது. மறுபடியும் நாளைக்கு.

பதினாறாம் நாள் கண்ணில் கட்டிய துணிக்குக் கீழே வெளிச்சம் வந்தது. துணியை லேசாகத் தூக்கினேன். வலது கண்ணில் பழுப்பாக ஏதோ ஆடியது. உற்றுப் பார்த்தால் ஒரு ஆட்டின் பின்பக்கம். ஆத்தா எனக்குத் தந்த முதல் தரிசனம் அது. அதையும் கும்பிட்டேன்.

அம்மா ஆற்றுக்குத் துவைக்கப் போயிருந்தாள். வந்ததும் சொல்லலாம், பூசாரியிடமும் சொல்லிவிட்டு ஊர் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. ஒரு ஆள் ஒரு பொம்பளையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அம்மை போட்டு இறங்கிய முகம். இரண்டு கண்ணும் வீங்கி, சீழ் கட்டி மூடியிருந்தது.

செல்லத்தாய்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேட்டேன், கொடுத்துவிட்டாள்! ஒன்று பத்தாது என்றேன், இரண்டையும் மூடி, வண்டியில் ஏற்றி, என் பக்கத்திலேயே கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள்! துணியை இழுத்துக் கண்ணை மறுபடி கட்டிக்கொண்டேன், ஓரத்தில் ஒரு சந்து மட்டும் விட்டு. முக்காட்டையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கூட்டிவந்தது அவள் புருஷன், என் மூத்தார். அவருக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. வெந்த முகம் யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை அரிசி கொண்டுவருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"பக்கத்துல யாருத்தா இருக்கீக?" என்றாள்.

ஷெட் எரிந்த அன்றைய புகையில் என் குரலும் கரகரத்துப் போயிருந்தது. "நான் இருளாயி. சாத்தூருக்குத் தெக்கே" என்றேன்.

"எத்தன நாளாச்சு வந்து? எப்பத்தா கண்ணு தொறக்கும்?"

"ஒரு மண்டலம்னு சொல்லுதாக. சில பேருக்கு ரெண்டு. ஆமா, நீ புதுசால்ல? புதுசா வந்தவக மூணு நாளு வாயே தொறக்கப்புடாது. ஆத்தாவுக்கு ஆகாது."

அப்படி ஒரு சட்டமும் கிடையாது. ஆனால் செல்லத்தாயைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மூன்று நாள் பேசாமலிருப்பது அவளுக்கு மூன்று நாள் மூச்சு விடாமலிருப்பது மாதிரி. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் துணிச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு காட்சியை வேறு எந்தத் திருவிழாவிலும் நான் பார்த்ததில்லை.

தண்ணீர் விடும் நேரம் வந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. என் முழங்கையை இடித்து, எத்தனை பேர் முன்னால் என்று விரலை ஆட்டிக் கேட்பாள். மூன்று பேர் இருந்தால் பதினாலு என்பேன். ஆற்றுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனால், வேலமரத்து நிழல் வழியை விட்டுவிட்டு மணலில் சுற்றிக் கூட்டிப்போவேன். அவளுக்கு உள்ளங்கால் பொரியும். எனக்கும் பொரியும். எனக்கு அது சுகமாக இருந்தது.

அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, ஆத்தா மண்டபத்துல உக்காந்துக்கிட்டா இம்புட்டுப் பொய்யி?"

"ஆத்தாதான் கொண்டாந்து விட்டா. அவகிட்டப் போய்ச் சண்ட போடு."

பூசாரியை ஏமாற்ற முடியவில்லை. புதன்கிழமை நான் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"ஏத்தா, குருடி கல்லு பொறுக்குத அழகப் பாரு" என்றார்.

முறத்தைக் கீழே வைத்தேன். அவரைத் தூணுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"சரித்தா. நீ இப்பம் காத்துக்கிட்டு இருக்கது சாமிக்கா, அவளுக்கா?"

"ரெண்டு பேரும் ஒரே மண்டபத்துலதான சாமி இருக்காக."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "வெள்ளிக்கெழம வரைக்கும்தான். அதுக்கு மேல எடத்தக் காலி பண்ணிரணும். வெளிய ஒம்பது பேரு வெயில்ல காத்துக் கெடக்காக" என்றார்.

அது என்னைக் கொஞ்சம் குத்தியது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலம் செல்லத்தாயின் மூன்று நாள் முடிந்தது. அவள் வாயைத் திறந்ததும் முதலில் வந்தது அழுகை.

"இருளாயி, எனக்குக் கண்ணு வராதுத்தா. நான் ஒருத்திக்குப் பண்ணுன பாவம் அப்பிடி."

அங்கேயே கேட்டிருக்கலாம். அவசரப்படவில்லை. பதினெட்டு நாள் கல்லுத் தரையில் உட்கார்ந்தவளுக்கு இரண்டு நாள் பெரிதா?

"எங்கிட்டச் சொல்லாத. என் காது ஓட்டக் காது. வெள்ளிக்கெழம உச்சிப் பூசையில, ஆத்தா முன்னால, எல்லாருங் கேக்கச் சொல்லு. அப்பத்தான் தண்ணிக்கு வேகம் வரும்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மாவை ஆமத்தூருக்கு அனுப்பினேன். மூத்தாரோடு என் வீட்டுக்காரரும் வெள்ளிக்கிழமை வர வேண்டும், வராவிட்டால் ஆத்தா சும்மா விடமாட்டாள் என்று சொல்லிவரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை உச்சிப் பூசை. கூட்டம். என் வீட்டுக்காரரும் மூத்தாரும் தூண் ஓரம் நின்றார்கள். செல்லத்தாய்க்கு அவர்கள் நிற்பது தெரியாது. சன்னதிக்கு முன்னால் கையைக் கூப்பினாள்.

"தாயே, தட்டக் காலால தள்ளுனது நாந்தான். எங் கொழுந்தம் பெண்டாட்டி கருப்பாயி இல்ல. நிசத்தச் சொன்னா எம் புருசன் அடிச்சே கொன்னுருவாருன்னு பயந்து அவ தலையில போட்டுட்டேன். அவ கண்ணு போச்சு, குடித்தனமும் போச்சு. எங் கண்ணக் குடு தாயே."

பாவம் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தூணோரம் என் வீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூத்தார் தலை தொங்கிவிட்டது. கணக்குப்பிள்ளை காதுக்கு இது எப்படியும் போய்ச் சேரும். கூட்டத்தில் விஸ்வநத்தத்துப் பெண்கள் நாலு பேர் நின்றார்களே!

பூசாரி செம்பை எடுத்தார். நான் ஆத்தாவைப் பார்த்தேன். இப்போது பார்த்துச் செய் தாயே, அவள் கண் திறக்கவே கூடாது என்றேன். துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, முக்காட்டையும் தள்ளிவிட்டு, அவளுக்கு முன்னால் போய்க் குந்தினேன். அவள் குருடியாகவே இருப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் அல்லவா?

தண்ணீர் விழுந்தது. சீழ் கரைந்தது. இமை துடித்தது. ஒரு கண் திறந்தது. அடுத்ததும் திறந்தது.

அவள் முதலில் பார்த்தது ஆத்தா முகத்தை இல்லை. ஒரு சாண் தூரத்தில், வெந்து, தோல் சுருங்கி, ஒற்றைக் கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்த என் முகத்தை.

மண்டபமே அதிரக் கத்தினாள்.

"நல்லாப் பாருக்கா. நாந்தான் இருளாயி" என்றேன்.

அப்போதுதான் எனக்கு ஆத்தாவின் கெட்டிக்காரத்தனம் புரிந்தது. நான் கேட்டபடி அவள் கண்ணைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் முகத்தைப் பார்க்காமலே தப்பித்திருப்பாள். ஊரும் அவளுக்கு இரக்கப்பட்டிருக்கும். அதனால்தான் கண்ணைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரே முற்றம். தினமும் காலையில் சாணி தெளிக்க அவள் கதவைத் திறந்தால் எதிரே நான் இருப்பேன். "என்னக்கா, கண்ணு நல்லாத் தெரியுதா?" என்பேன். இத்தனை வருடத்தில் ஒருநாள் தவறவிட்டதில்லை. என்ன குழம்பு என்று கேட்கிற மாதிரித்தான் கேட்பேன். ஆனால் கேட்பேன்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே என்னைக் கூட்டிப்போனார். வண்டியில் போகும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மூணு நாளு வாயத் தொறக்கப்புடாது, ஆத்தாவுக்கு ஆகாது" என்றேன். நல்ல மனுஷன், அப்படியே இருந்தார்.

என் இடது கண் வரவே இல்லை. வெயிலில் காத்துக்கிடந்தவர்களின் இடத்தில் நாலு நாள் பொய்க் குருடியாக உட்கார்ந்தேன் அல்லவா, அதற்கு ஆத்தா அதை வைத்துக்கொண்டாள். நியாயம்தான். வலது கண் ஒன்றே போதும், ஊசி கோக்கிறேன், கல் பொறுக்குகிறேன், யார் தட்டை இழுக்கிறார்கள் என்று பார்க்கிறேன். அதன் பிறகு யாருக்கும் கண் போக வேண்டும், கால் போக வேண்டும் என்று நான் வேண்டியதில்லை. எனக்கு என்ன வேண்டும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிகிறது.

வருடா வருடம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு மஞ்சள் சேலை கட்டி நடந்து போகிறேன். செல்லத்தாயும் வருவாள், ஆத்தாவுக்கு வெள்ளியில் செய்த கண்மலர் சாத்த. வரிசை ஆற்று மணல் வரைக்கும் நிற்கும். அவள் எனக்குப் பின்னால்தான் நிற்பாள். முந்த மாட்டாள். கால் சுடுகிறது என்று அவள் முனகுவது காதில் விழும்போது என் மனசு குளிர்ந்துபோகும்.

உங்களுக்கும் யாராவது அநியாயம் செய்திருந்தால், அழுதுகொண்டு வீட்டில் கிடக்காதீர்கள். வந்து மண்டபத்தில் உட்காருங்கள். உட்கார இடம் இல்லாவிட்டால் நில்லுங்கள். நாள் ஆகும். ஆகட்டும். அவளை நம்பிக் காத்திருங்கள், நீங்கள் கேட்டதைவிட நல்லதாகவே செய்து தருவாள். வரிசையில் ஒற்றைக் கண்ணோடு ஒருத்தி நின்றால் அது நான்தான். எனக்குப் பின்னால் வந்து நில்லுங்கள். செல்லத்தாய்க்கு முன்னால் ஒரு ஆள் இடம் எப்போதும் வைத்திருக்கிறேன்.