தொல்லை அழைப்பு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. தெருவிலும் கடையிலும் சொந்தபந்தத்திலும் அவர் 'டவர்'தான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் போனை உயரத் தூக்கி, நாலு மூலையிலும் சிக்னல் எத்தனை கோடு என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் அதையே செய்தார். அழுது வீங்கிய முகத்தோடு நின்ற மகனிடம், "இந்த ஜன்னல் பக்கம் நல்லா எடுக்குது தம்பி" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு ஒட்டிய பெயர் அது.

வேலை கண்ணாடிக் கடையில். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கின் மேல் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பவர் அவர்தான். அந்தத் தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தாடையைத் தாங்கியில் வைத்து, கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதன் எழுந்து எங்கே ஓடுவான்? அந்த நேரம் பார்த்துத்தான் டவர் ஆரம்பிப்பார்.

"சார் என்ன போன் வெச்சிருக்கீங்க?"

பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த வாக்கியம் மாறாது. "அடடா, அதையா வாங்கினீங்க?"

தூரத்து எழுத்து தெரியவில்லை என்று வந்தவர்கள், கையில் இருக்கும் போனும் உருப்படியில்லை என்ற கவலையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். முதலாளிக்கு வயிற்றெரிச்சல். "கண்ணாடி வாங்க வந்தவனைப் போன் கடைக்கு அனுப்பி வைக்கிறியே, அங்கேருந்து கமிஷனாவது வாங்கித் தொலையேன்யா" என்பார். டவர் சிரித்துக்கொள்வார். தொண்டுக்கு யாராவது கமிஷன் வாங்குவார்களா?

போன் கம்பெனிகளைப் பற்றி அவரிடம் தனியாக ஒரு தத்துவம் இருந்தது. "எந்தக் கம்பெனியும் புதுசா வர்றவனைத்தான் கொஞ்சும். பழகிட்டோம்னா திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால நாம எப்பவும் புது ஆளாவே இருக்கணும்." இதன்படி குடும்பத்தின் எண்களை எல்லாம் கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றிக்கொண்டே இருந்தார். இக்கரைக்கு அக்கரை பச்சை. அக்கரை போனால் அங்கே மாடியில் மட்டும்தான் பேச முடியும். ஒரு சுற்று முடிந்து, சண்டை போட்டுவிட்டு வந்த முதல் கம்பெனிக்கே திரும்பியும் போயிருக்கிறார். 'புதிய வாடிக்கையாளரே, வருக' என்று அவர்கள் செய்தி அனுப்பியபோது, ஏதோ பரீட்சையில் தேறியவரைப் போல அதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். குறை சொல்லக் கூப்பிடுபவர்களைக் காக்க வைக்க ஒவ்வொரு கம்பெனியும் ஒரு இசை போடுமே, அதில் யாருடையது இனிமை என்று கேட்டால் கூட அவரால் வரிசைப்படுத்திச் சொல்ல முடியும். அத்தனை நேரம் கேட்டிருக்கிறார்.

ஆப்களைப் பற்றி என்ன சொல்ல! துணி துவைக்கும் மெஷின் வேலை முடிந்தால் தானே வீடு அதிரக் கத்தும். அது கத்துகிறது என்று போனில் சொல்வதற்கு ஒரு ஆப் வைத்திருந்தார். எப்படித் தூங்கினோம் என்று மதிப்பெண் போடும் ஆப் ஒன்று உண்டு. காலையில் அது குறைவாகப் போட்டுவிட்டால், நன்றாகத் தூங்கி எழுந்த மனிதர் நாள் முழுக்கக் கொட்டாவி விட்டுக்கொண்டு திரிவார். பேட்டரியை மிச்சப்படுத்த ஒரு ஆப். அதுதான் பேட்டரியை அதிகம் தின்கிறது என்று மகள் ஒருநாள் கண்டுபிடித்துச் சொன்னாள். "அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்.

அந்த வீட்டில் போன்கள் மேலிருந்து கீழே இறங்கும். அவர் கழித்தது மனைவிக்கு, மனைவி கழித்தது அவருடைய அக்காவுக்கு. மனைவிக்கு ஒரு போனில் எது எங்கே இருக்கிறது என்று கை பழகுவதற்குள் அடுத்தது இறங்கிவிடும். "எனக்குப் பழசே போதுங்க" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கடலில் பெய்த மழைதான்.

இந்த மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கண்ணுக்குத் தெரியாத கிருமியை மைக்ராஸ்கோப்பில் தேடிப் பிடிக்கும் வேலை. அதில் அவளுக்கு உயிர். மகள் பிறந்தபோது விட்டாள். பிறகு ஒன்று மாற்றி ஒன்று வந்து, திரும்பப் போகவே முடியவில்லை. மகள் கல்லூரிக்குப் போனதும், தன் வயதில் பாதி இருக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபயிற்சி எடுத்தாள். பரீட்சை எழுதினாள். ஊரிலேயே பெரிய பரிசோதனைக் கூடத்தில் நேர்முகத் தேர்வுக்கும் போய்வந்தாள். அங்கே மைக்ராஸ்கோப் பிரிவில் ஒரே ஒரு இடம்தான். "இந்த வாரத்துல கூப்பிடுவோம். பதில் இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவோம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வாரம் அவள் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் எடுத்தால், மனை வேண்டுமா என்பான் ஒருத்தன். கடன் வேண்டுமா என்பாள் ஒருத்தி. "இந்தப் பாவிங்க என்னைக் கொன்னுடுவாங்க போலிருக்கே" என்று கணவரிடம் புலம்பினாள்.

டவர் உருகிப் போனார். மனைவி மேல் அவருக்கு ஆசை உண்டு. அதில் பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஆசையைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

சந்தையில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனி, தன்னிடம் மாறி வருகிறவர்களுக்கு 'அழைப்புக் காவலன்' என்று ஒரு சேவையைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தது. தெரியாத எண்ணிலிருந்து யார் கூப்பிட்டாலும் போன் அடிக்காது. காவலனே எடுத்து, யார், என்ன விஷயம் என்று கேட்பான். நல்லவர் என்று பட்டால் உள்ளே விடுவான். தொல்லை என்று பட்டால் விரட்டிவிடுவான். சொந்தக் குரலையே பதிவு செய்து காவலனுக்குக் கொடுக்கலாம். டவர் மனைவியின் எண்ணை அங்கே மாற்றினார். கடையின் இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கரகரப்பு சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் பேசிப் பதிவு செய்தார். காவலனுக்கு 'சாதாரணம்', 'கடுமை', 'மிகக் கடுமை' என்று மூன்று படிகள் இருந்தன. எதிலும் மேல்படியைத் தவிர வேறெதையும் அவர் வாழ்க்கையில் தேர்ந்தெடுத்ததில்லை.

"இனிமே உனக்குத் தொல்லையே இருக்காது, பாரு" என்றார் மனைவியிடம். போனில் எதையோ சுத்தம் செய்திருக்கிறார், வழக்கமாகச் செய்வதுதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

போன் அடங்கிவிட்டது. அவள் குளிக்கப் போகும்போதும் அதைக் குளியலறை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனாள். எடுத்து எடுத்துப் பார்த்தாள். மகளை விட்டுக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தாள். மகளின் எண் காவலனுக்குத் தெரிந்த எண்ணாயிற்றே, கணீரென்று அடித்தது. ஆகவே போனில் கோளாறில்லை, கூப்பிடத்தான் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள். நாளாக ஆக முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. டவர், "எவ்வளவு அமைதியா இருக்கு பார்த்தியா!" என்று பெருமைப்பட்டார்.

வாரக் கடைசியில், மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, காவலனிடமிருந்து, அவனை ஏற்பாடு செய்தவர் என்ற முறையில், அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. எத்தனை தொல்லை அழைப்புகளை விரட்டினோம் என்ற பெருமிதம். விரட்டப்பட்டவர்களின் குரலைக் கேட்டு மகிழவும் வசதி செய்திருந்தார்கள்.

"கேளுங்க, கேளுங்க. சிரிச்சு வயிறு வலிக்கும்" என்று சத்தத்தைக் கூட்டி மேஜை மேல் வைத்தார்.

முதலில் மனைக்காரன். 'ஐயா, ஏரிக்கரை ஓரமா...' என்று ஆரம்பிப்பதற்குள், "எங்களுக்குத் தேவையில்லை. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க!" என்று டவரின் கரகரத்த குரல். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவிக்குக் கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து கடன்காரி. அவளுக்கும் அதே அர்ச்சனை. அடுத்து நிதானமான ஒரு பெண் குரல்.

"வணக்கம். லேபிலேர்ந்து பேசறேன். மைக்ராஸ்கோப் பிரிவு வேலை வாய்ப்பு விஷயமா கூப்பிட்டேன். வாழ்த்துக்கள், நீங்க தேர்வாகி..."

"எங்களுக்குத் தேவையில்லை. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க!"

போன் மட்டும் தன்பாட்டுக்கு அடுத்த ஆளைப் போட்டது. மகள்தான் எட்டி அதை அணைத்தாள்.

"லேப் நம்பரை நான் சேமிச்சுத்தானே வெச்சிருந்தேன்" என்றாள் மனைவி, யாரிடம் என்றில்லாமல்.

டவர் போனை எடுத்துத் தடவிப் பார்த்தார். "அவங்க சொந்த போன்லேர்ந்து கூப்பிட்டிருக்காங்க. அதான். அப்புறம் மறுநாளும் ஒரு தடவை கூப்பிட்டிருக்காங்க. ஒரு தடவை விரட்டின நம்பரை இது மறுபடி அண்டவே விடாது." அதோடு நிறுத்தியிருந்தால் கூடத் தப்பித்திருப்பார். நாக்கில் சனி. "ஆப் மேல தப்பு இல்லம்மா. 'வேலை வாய்ப்பு', 'வாழ்த்துக்கள்', 'தேர்வு', இதெல்லாம் மோசடிக்காரன் பேசற வார்த்தை. அவங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தையும் விட்டுவிட்டு, பார்க்க வந்தவர்களைக் குற்றம் சொன்னார். மனைவி அவரைப் பார்த்தாள். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் கண்டதில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுவாரம் முதல் வேலையாக அவளே நேரில் போனாள். அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போயிருந்தது. அதைவிட, மேலாளர் அம்மாள் பரிவோடு சொன்னதுதான் அவளை அறுத்தது. "உங்க வீட்டுக்காரர் ரொம்பக் கோவமாப் பேசினாரும்மா. வேலைக்கு அனுப்ப அவருக்கு இஷ்டமில்ல போலிருக்கு, நாம ஏன் ஒரு குடும்பத்துல குழப்பம் பண்ணணும்னு விட்டுட்டோம்."

அது மெஷின் என்று விளக்கினாள். மேலாளர் தலையாட்டினார். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ரத்தம் எடுக்கும் பிரிவில், விடியற்காலை ஷிப்டில் ஒரு இடம் இருக்கிறது என்றார்கள். மைக்ராஸ்கோப் இருக்கும் அறையைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். அவள் சரி என்றாள்.

திரும்பும் வழியில் ஒரு கடைக்குள் நுழைந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு போன் வாங்கினாள். நீல நிறம் பிடித்திருந்தது, அதனால் நீலம். புது எண்ணும் வாங்கினாள்.

அன்று மாலை அது வீட்டில் அடித்தபோது டவர் துள்ளி எழுந்தார். அவள் எடுத்து, நாளைக்கு வந்துவிடுவதாக யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தாள்.

"எத்தனை ஜிபி?"

"தெரியாது."

"எந்தக் கம்பெனி சிம்மு?"

சொன்னாள். "ஐயையோ, அவனா? கோடே நிக்காதே!" என்று பதறினார்.

"பேசினா கேக்குது. அது போதும்."

"சரி, நம்பரைச் சொல்லு. போட்டுக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க? இது வேலைக்குக் கூப்பிடறவங்களுக்கு. பாப்பாகிட்ட குடுத்திருக்கேன்."

"எனக்கு ஏதாவது அவசரம்னா?"

"லேபுக்குக் கூப்பிடுங்க. அங்க ஒரு பொண்ணு எடுப்பா. யாரு, என்ன விஷயம்னு கேப்பா. சொல்லுங்க." குரலில் கோபம் கூட இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

மகளிடம் கெஞ்சிப் பார்த்தார். "அம்மாகிட்டயே கேட்டுக்கோங்கப்பா" என்று அவள் கழன்றுகொண்டாள். மறுநாள் கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. வில்லையை மாற்றிப் போட்டு, "இது தெளிவா?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததைக் கவனிக்காமல் நின்றார். வந்தவரிடம் என்ன போன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கக் கூடத் தோன்றவில்லை. முதலாளி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். வெட்கமாக இருந்தது அவருக்கு. தன் குரல், தன் சொந்தக் குரல், அவள் ஆசைப்பட்டுக் காத்திருந்த ஒன்றை நாயை விரட்டுவது போல விரட்டியிருக்கிறது. அதைத் தானே சிரிக்கச் சொல்லிப் போட்டும் காட்டியாயிற்று.

ஆள் இல்லாத நேரம் பார்த்து, இருட்டறையில் உட்கார்ந்து பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டார். உடனே எடுத்தார்கள். ஒரு பெண் குரல், சுறுசுறுப்பாக.

"வணக்கம். யார் பேசறது?"

மனைவியின் பெயரைச் சொல்லி, அவளுடைய கணவர் என்றார்.

"என்ன விஷயமா சார்?"

"பேசணும்."

"வேலை நேரம் சார். விஷயத்தைச் சொன்னாத்தான் இணைக்க முடியும்."

ஊருக்கெல்லாம் மணிக்கணக்காகப் பேசியவர், பின்னால் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"மன்னிப்புக் கேக்கணும்மா" என்றார்.

"லைன்ல இருங்க சார்" என்றாள். இசை எதுவும் போடவில்லை. தூரத்தில் யாரோ நடக்கும் சத்தமும் யார் யாரோ பேசுவதும் அப்படியே கேட்டன. அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதில் ஒரு குரலைத் தேடினார். பிறகு அந்தப் பெண்ணே திரும்பி வந்தாள்.

"சார், உங்க வீட்டம்மா அதை மேலாளர் அம்மாகிட்ட நேர்ல வந்து சொல்லச் சொல்றாங்க. உங்க சொந்த வாயால."